இடப்பக்க நாற்காலி

ஊராட்சித் தலைவர் செங்கேணி எங்கே போய் உட்கார்ந்தாலும் இடப்பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அதில் அண்ணன் ஏகாம்பரம் வந்து உட்காருவார். உத்திரமேரூரில் ஒன்றியக் கூட்டம் என்றாலும் அப்படித்தான், ஊருக்குள் காதுகுத்து என்றாலும் அப்படித்தான். அல்லித்தாங்கலில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பதவி தங்கச்சிக்கு, நாட்டாமை அண்ணனுக்கு என்றார்கள். ஏகாம்பரம் அதை மறுக்கவில்லை. உண்மையான காரணத்தை ஊர் கண்டுபிடிக்காத வரைக்கும் இந்தக் காரணம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

உண்மையான காரணம், செங்கேணிக்கு வலது காது அடியோடு கேட்காது. இடது காது பாதி கேட்கும். அதுவும் சத்தம் இல்லாத இடத்தில், எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால்தான். இது அவள் கணவன் வசந்த்குமாருக்கும், ஏகாம்பரத்துக்கும், அவர் மனைவி அம்முலுவுக்கும் மட்டும் தெரியும்.

செங்கேணி பிறந்தபோது ஏகாம்பரத்துக்கு ஆறு வயது. அப்பா, ஊர்ப் பக்கத்துச் சின்னராசுவின் வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவர். அம்மாவும் அங்கேதான் நாற்று நட்டாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த தங்கை, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறாள் என்று வாத்தியார் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு, எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் இனிமேல் தான் வேலைக்குப் போவதாக வீட்டில் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. சித்தாளாகப் போய், கொத்துவேலை கற்று, பிறகு டைல்ஸ் ஒட்டக் கற்றார். செங்கேணி பன்னிரண்டாவது முடித்தாள். காலனியில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த மார்க் ஷீட்டை லேமினேஷன் போடுவதற்காக ஏகாம்பரம் காஞ்சிபுரம் வரைக்கும் சைக்கிளில் போய் வந்தார்.

டைல்ஸ் வேலையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. நூல் பிடித்தால் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை அந்த நூல் கோணாது. ஒரு கல் மயிரளவு தூக்கி நின்றாலும், கலவை காய்வதற்குள் பெயர்த்து மறுபடி ஒட்டுவார். வீட்டுக்காரரே “பரவால்ல வுடு மேஸ்திரி” என்றாலும் விடமாட்டார். தங்கையின் காது விஷயத்தையும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது பிள்ளை பூஜா பிறந்த பிறகுதான் அது தொடங்கியது. முதலில் காதுக்குள் சுவர்க்கோழி கத்துவது போல ஓர் இரைச்சல். அப்புறம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிவிட்டது, நரம்பும் தளர்ந்திருக்கிறது, சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது அதிகமாகும் என்றார் டாக்டர். காதில் மாட்ட ஒரு மிஷினும் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க அது உதவியது. நாலு பேர் கூடினால் ஃபேன் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், குழந்தை அழும் சத்தம் எல்லாம் ஒரே அளவில் வந்து மண்டையில் இடித்தன. பேச்சு மட்டும் வராது. வெளியே போட்டுக்கொண்டு போனால் கேள்வியும் வரும். அது பீரோவிலேயே கிடந்தது.

காலனியில் முன்பு காது கேட்காத ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு என்ன பெயர் என்றே யாருக்கும் தெரியாது. திரும்புகிறாளா என்று பார்க்கப் பின்னாலிருந்து பொடிக்கல் எறிவார்கள். அவள் செத்தபோது சாவுச் செய்திப் பலகையில் என்ன பெயர் எழுதுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். செங்கேணி இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்.

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக அவள் இருந்தவரைக்கும் பெரிய சங்கடம் இல்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எதிரே வந்து நின்று பெயர் சொல்வார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் தேர்தல் வந்தது. ஊராட்சி எஸ்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காலனி முழுக்க வந்து வீட்டு முன்னால் நின்றது. “நீ நில்லு செங்கேணி. வேற யாரு கீறா நமக்கு” என்றார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள். ஏகாம்பரத்துக்கு அந்த நிமிடத்தில் பெருமையில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் போன பிறகுதான் வந்தது.

காது கேட்காதவர்கள் பதவிக்கு நிற்கக்கூடாது என்று சட்டத்தில் இருப்பதாக வாலாஜாபாத்தில் டீக்கடையில் யாரோ பேசியதை அவர் ஒருமுறை கேட்டிருந்தார். அது உண்மையா, பழைய கதையா, எவ்வளவு கேட்காதவர்களுக்கு என்று எதுவும் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கலாம். கேட்டால் யாருக்காகக் கேட்கிறாய் என்பார்கள். அதனால் கேட்கவில்லை. நான்கு வருடமாக அந்தப் பயத்தைக் கேட்காமலேயே சுமந்துகொண்டு திரிந்தார்.

அவள் ஜெயித்தாள். இடப்பக்க நாற்காலி அன்றிலிருந்து வந்தது.

ஏகாம்பரம் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பேசுகிறவர் முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுப்பது போலக் குனிந்து, அவள் இடது காதுக்கு நேராக, பேசியதைச் சுருக்கிச் சொல்வார். குரலை உயர்த்தமாட்டார். உயர்த்தினால் மற்றவர்களுக்குக் கேட்கும், அவளுக்கும் வார்த்தை உடையும். நிறுத்தி நிதானமாகச் சொல்வார். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார். திட்டினால் திட்டையும் அப்படியே சொல்வார். “நீ தேறமாட்டேன்றாரு. தண்ணி டேங்க்க கழுவி மாசக்கணக்காச்சின்றாரு.” அவள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, “அடுத்த வாரம் கழுவிடலாம், ஆள் சொல்லிட்டேன்” என்பாள். பதில் எப்போதும் அவளுடையது. இதில் மட்டும் ஏகாம்பரம் ஒருநாளும் கை வைத்ததில்லை.

தலைவரின் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. வாலாஜாபாத்தில் ஒரு வீட்டின் பாத்ரூமில் முட்டிபோட்டுக் கல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது அடிக்கும். கை துடைத்து எடுத்து, “அவுங்க வெளிய கீறாங்க, இன்னா விசயம் சொல்லுங்க” என்பார். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார். அவள் சொல்லும் பதில்களை மறுநாள் கூப்பிட்டுச் சொல்வார். ஒவ்வொரு பேச்சும் அவர் வழியாக இரண்டு தடவை போய் வந்தது. கூட்டம் உள்ள நாட்களில் வேலையை விட்டுவிட வேண்டும். நடுவில் விட்ட வேலையை வேறு மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதும் உண்டு. இதைப் பற்றி அவர் வீட்டில் பேசமாட்டார். ஆனால் சாப்பிடும்போதே கண் சொருகும். கல்யாண வீட்டில், பஸ்சில், எங்கேயும் அவரால் சும்மா உட்கார முடியாமல் போயிற்று. யார் எது பேசினாலும் மனம் அதைச் சுருக்கிக்கொண்டிருக்கும்.

அம்முலுதான் கேட்பாள். “யோவ், என்கூட பேசக்கொள்ளயும் இன்னாத்துக்குய்யா இவ்ளோ நிறுத்தி நிறுத்திப் பேசற? எனக்குக் காது நல்லாத்தானே கீது?”

ஊருக்குள் செங்கேணியைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் பாராமல் போய்விடுவாள். சின்னராசு ஊராட்சித் துணைத்தலைவர். ஊர்ப் பக்கத்துக்காரர், நிலபுலன் உள்ளவர். அவர் வீட்டு மாடியிலிருந்து ஒருநாள் “ஏம்மா செங்கேணி” என்று இரண்டு முறை கூப்பிட்டும் அவள் நிற்காமல் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். “அவ அப்பன் எங்க வூட்டு வாசல்ல துண்ட கக்கத்துல வச்சிக்கினு நின்னவன். இன்னிக்கி இவளுக்குக் கூப்ட்டா நிக்க முடியல, அவ்ளோ திமிரு” என்று அவர் கடைத்தெருவில் சொன்னது அன்று மாலையே காலனிக்கு வந்தது.

ஏகாம்பரம் அதையும் தங்கையிடம் சொன்னார். செங்கேணி சிரித்தாள். “திமிருன்னா சொன்னாரு?”

“ஆமா. திமிருன்னுதான்.”

“நம்ம ஆளுங்கள யார்னா திமிருன்னு சொல்லி நீ கேட்டுகீறியாணா? அம்மாவ? நைனாவ?”

ஏகாம்பரம் யோசித்தார். பாவம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். நன்றி கெட்டதுகள் என்று கேட்டிருக்கிறார். திமிர் என்று கேட்டதில்லை.

“இருந்துட்டுப் போட்டும்” என்றாள் செங்கேணி. “செவிடின்றதுக்கு இது எவ்ளோவோ மேல.”

அந்தப் பெயரை அவள் விரும்பியே அணிந்துகொண்டிருந்தாள் என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. அவருக்கும் உள்ளுக்குள் அது பிடித்திருந்தது. ராணியம்மாள் விஷயம் நடக்கும் வரைக்கும்.

ராணியம்மாள் காலனிக்காரி. தேர்தலின்போது செங்கேணிக்காக வீடு வீடாகப் போனவள். அவள் புருஷன் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. செங்கேணி தனியாக அங்கே போயிருந்தாள். ஏகாம்பரம் வாலாஜாபாத்தில் இருந்தார். பக்கத்தில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. செங்கேணி ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ராணியம்மாள் கையில் போனோடு ஓடி வந்து ஏதோ சொன்னாள். முந்தானை வாயில் இருந்தது. கூலி ஏறாதது பற்றித்தான் சொல்கிறாள் என்று செங்கேணி நினைத்துக்கொண்டாள். அன்று எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அவள் சிரித்த முகமாகத் தலையாட்டி, “சரிக்கா, அதெல்லாம் ஆயிடும். கவலப்படாத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராணியம்மாள் சொன்னது, அவள் புருஷன் செத்துப்போன செய்தி.

மத்தியானம் விஷயம் தெரிந்து செங்கேணி மாலையோடு ஓடினாள். ராணியம்மாள் அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வந்திருந்த பெண்கள் யாரும் செங்கேணிக்கு இடம் விடவில்லை. சாவைச் சொன்னதற்குச் சிரித்தவள் என்ற பேச்சு பதினாறாம் நாளுக்குள் பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. திமிர் என்று ஊர்ப் பக்கம் சொன்னபோது சிரித்த செங்கேணிக்கு, காலனி அதையே சொன்னபோது சோறு இறங்கவில்லை.

“ராணிக்காகிட்ட சொல்லிடறேண்ணா” என்றாள். “அவகிட்ட மட்டும்.”

“வாணாம்.”

“அவ மூஞ்ச பாக்க முடியல என்னால.”

“ஒருத்திகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாரி. அப்பால சின்னராசு சும்மா இருப்பாருன்றியா? பதவியே போச்சின்னா? இன்னும் கொஞ்ச நாள்தானே. பல்ல கடிச்சிக்கினு இரு.”

செங்கேணி ராணியம்மாளிடம் போகவில்லை. அவளுடைய பதில்களில் கை வைத்ததில்லை என்று இருந்தவர், அன்றைக்கு முதல் தடவையாகக் கை வைத்தார். அது அவருக்கே தெரிந்திருந்தது.

சித்திரையில் ஒருநாள், கலவை குழைத்துக்கொண்டிருந்தபோது தலைவரின் போன் அடித்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. புதிதாக வந்த அம்மா.

“தலைவர்கிட்ட குடுங்க.”

“அவுங்க வெளிய கீறாங்கம்மா. இன்னா விசயம்னு சொன்னா…”

“நான் எப்ப பண்ணாலும் வெளியதான் இருக்காங்க. நீங்க எப்ப பண்ணாலும் உள்ளதான் இருக்கீங்க. நீங்க யாரு?”

“அண்ணன் மா.”

“அண்ணனுக்கு யாரும் ஓட்டுப் போடலையே.” அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. இதைப் பல ஊராட்சிகளில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன குரல். “உங்க ஊர்லேர்ந்து புகார் வந்திருக்கு. துணைத்தலைவர் மட்டுமில்ல, உங்க தெருக்காரங்களும் சொல்றாங்க. மே ஒண்ணாம் தேதி கிராம சபைக்கு நானே வர்றேன். மேல தலைவர் உக்காரணும், செயலர் உக்காரணும். உங்க நாற்காலி இருக்கக் கூடாது. தலைவர் தனியா கூட்டத்த நடத்தட்டும், பாத்துக்கறேன். இல்லன்னா நான் மேல எழுத வேண்டியிருக்கும்.”

சாயங்காலம் மூன்று பேரும் செங்கேணி வீட்டில் உட்கார்ந்தார்கள். வசந்த்குமார் ஒரகடத்தில் கம்பெனி கேண்டீன் ஷிப்டுக்குப் போயிருந்தான். போனில் வந்ததை ஏகாம்பரம் வார்த்தை மாறாமல் சொன்னார். ‘அண்ணனுக்கு யாரும் ஓட்டுப் போடலையே’ என்பதையும் சொன்னார்.

“சொல்லிட்டுப் போங்களேன்” என்றாள் அம்முலு. “காது கேக்காதது இன்னா, திருட்டா?”

“உனக்கு இன்னா தெரியும். கம்முனு இரு.”

“எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ஊரு இன்னா நெனைக்கிது? நீ இவள ஆட்டி வெக்கறன்னு நெனைக்கிது. உன் தங்கச்சிக்கு மூள இல்லன்னு நெனைக்கிது. காது இல்லன்றதுக்கு மூள இல்லன்றது மேலா?”

இத்தனை நாள் ஏகாம்பரம் கல் தூக்காமல் ஒட்டிய தரை இது. அதில் இப்படி ஒரு பள்ளம் இருப்பதை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் பதிலுக்குச் சொன்னது வேறு. தான் முன்வரிசையில் பெண்களுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்துகொள்வதாகவும், யார் என்ன கேட்டாலும் சத்தமில்லாமல் உதட்டில் சொல்வதாகவும், அவள் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். இருவரும் கூடத்தின் இரு மூலைகளில் உட்கார்ந்து பழகிப் பார்த்தார்கள். தெருவிளக்கு, குடிதண்ணீர், கால்வாய், பட்டா. எல்லாவற்றையும் அவள் சரியாகப் பிடித்தாள். ஆனால் பிடிக்கும்போதெல்லாம் கண்ணை இடுக்கினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“எத்தினி நாளுக்குண்ணா” என்று மட்டும் கேட்டாள்.

மே தினத்தன்று அம்முலு ஐயங்கார்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். கூட்டம் பள்ளிக்கூட வளாகத்தில். ஷாமியானா போட்டும் வெயில் கீழிருந்து ஏறியது. மேலே ஒரு மேஜைக்குப் பின்னால் செங்கேணியும் ஊராட்சிச் செயலர் தேவகியும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி அம்மா ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். செங்கேணியின் இடப்பக்கம் காலி. ஏகாம்பரம் சொன்னபடி முன்வரிசையில், அவள் பார்வைக்கு நேராக.

வரவேற்பும் வரவு செலவும் அவள் மனப்பாடம். தடுமாறாமல் பேசினாள். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மைக் மக்களிடம் போயிற்று.

முதலில் சின்னராசு எழுந்தார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார். செங்கேணிக்கு அவர் மீசையும் மைக்கின் கறுப்பு உருண்டையும் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஸ்பீக்கர் சத்தம் அவளுக்கு வெறும் இரைச்சல். ஏகாம்பரம் உதட்டை அசைத்தார். ‘மேட்டுத் தெரு. கால்வாய். ஏன் தூர் வாரல.’ அவள் பதில் சொன்னாள். சின்னராசு மறுபடி கேட்டார். ஏகாம்பரம் மறுபடி அசைத்தார். அவள் பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் அவள் கண் போகும் இடத்தைச் சின்னராசு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ராணியம்மாள் எழுந்தாள். மைக் வாங்கவில்லை. “எனக்குக் கால்வாயும் வாணா, லைட்டும் வாணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம் புருசன் பூட்டான்னு ஓடியாந்து சொன்னேன். இவ இன்னாத்துக்கு சிரிச்சா? அத சொல்லச் சொல்லு.”

செங்கேணிக்கு ராணியம்மாள் எழுந்தது தெரிந்தது, அழுவது தெரிந்தது. முகத்தை முந்தானை மறைத்திருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

ஏகாம்பரத்தின் உதடு அசையவில்லை. இதை எப்படிச் சுருக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. திட்டையெல்லாம் அப்படியே சொன்னவர்தான். கடைசியில் மெல்ல அசைத்தார். ‘ஏன் சிரிச்ச.’

“மேடம், அங்க பாருங்க” என்றார் சின்னராசு மைக்கில். “முன்னாடி. வாய பாருங்க. இங்கேர்ந்து இவரு சொல்றாரு, அங்கேர்ந்து அவங்க சொல்றாங்க. சாவு கேள்விக்குக்கூட அண்ணன்தான் பதில் சொல்லித் தரணும் போல. பொம்மலாட்டத்துக்கு எதுக்கு மேடம் எலக்சன்?”

எல்லாத் தலைகளும் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பின. யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது அவருக்கு. மூடினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் போலவும், மூடாவிட்டாலும் அதேதான் போலவும் இருந்தது. எழுந்து சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் தானே சொல்லி, இங்கேயே முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். முழங்காலில் கை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

செங்கேணி உள்ளங்கையைக் காட்டினாள். “நீ உக்காருணா.”

அவர் உட்கார்ந்தார்.

அவள் மைக்கை எடுக்காமல் மேஜையைச் சுற்றி வந்து முன்னால் நின்றாள்.

“எனக்குக் காது கேக்காது” என்றாள்.

பின்னால் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. “இன்னா சொல்லுது?” என்று ஒரு குரல்.

“எனக்குக் காது கேக்காது. வலது சுத்தமா இல்ல. இடது கொஞ்சம். பூஜா பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தான். சின்னராசுண்ணன் இப்ப மைக்குல இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. திட்டியிருப்பாருன்னு தெரியும்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் “செவிட்டு பிரசிடெண்ட்டாடா” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது ஏகாம்பரத்துக்குக் கேட்டது. நான்கு வருடமாக எதற்குப் பயந்தாரோ அது வந்தேவிட்டது. வந்தபோது அதில் ஒன்றும் இல்லை. வெயிலில் இன்னும் ஒரு சத்தம்.

“எங்க அண்ணன் எனக்கு எதையும் சொல்லித் தர்ல” என்றாள் செங்கேணி. “நீங்க பேசினத திரும்பப் பேசினாரு, அவ்ளோதான். போர்வெல் போட்டது நான். கால்வாய் வாராம வுட்டது நான். தப்பு பண்ணியிருந்தா என்ன திட்டுங்க. அவரு எனக்குக் காது. மூள என்கிட்டதான் கீது.”

சின்னராசு மைக்கோடு அதிகாரி பக்கம் திரும்பினார். “இத மறைச்சி நின்னிருக்காங்க மேடம். காது கேக்காதவங்க பதவியில இருக்க ரூல்ல எடம் உண்டா?”

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடையில் கேட்ட நாளிலிருந்து சுமந்த கேள்வி. யாரிடமும் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி அம்மா எழுந்து வந்து செங்கேணியின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டார். சின்னராசுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. “கொறைவா கேக்கறதுக்காகப் பதவி போகும்னு எனக்குத் தெரிஞ்சு இல்ல” என்றார் செங்கேணியிடம். “உறுதியாக் கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்கதான் தலைவர். கூட்டத்த எப்பிடி நடத்தப் போறீங்க?”

“ஒவ்வொருத்தரா முன்னாடி வரணும். மைக்க வாயிலேர்ந்து கீழ எறக்கிப் பிடிக்கணும். எம் மூஞ்ச பாத்துப் பேசணும். நேரமாகும். பரவால்லன்னா நடத்தறேன்.”

தேவகி ஐந்தாம் வகுப்பிலிருந்து கரும்பலகையை இழுத்து வரச் சொன்னாள். கேள்வி புரியாவிட்டால் அதில் எழுதுவது என்று ஆயிற்று. சிலர் முனகிக்கொண்டு எழுந்து போனார்கள். சின்னராசு போகவில்லை. வரிசையில் வந்து நிற்கவும் இல்லை.

முதலில் வந்தவள் ராணியம்மாள். முந்தானையை முகத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அன்னிக்கி நான் சொன்னது உனக்குக் கேக்கலியா?”

“கேக்கலக்கா. கூலி ஏறலன்னு சொல்றன்னு நெனச்சேன்.”

“அப்பவே வந்து சொல்றதுக்கு இன்னா?”

செங்கேணி அண்ணன் பக்கம் பார்க்கவில்லை. “பயந்துக்கினு இருந்தேன்” என்றாள்.

“ஓட்டு கேட்டு வந்தப்பவே நீ இத சொல்லியிருந்தா, நான் உனக்குப் போட்டிருப்பனான்னு தெரியல” என்றாள் ராணியம்மாள். “பொய் சொல்லக்கூடாது. போட்டிருக்கமாட்டேன்.” பிறகு, “இருந்தாலும் சொல்லியிருக்கணும் நீ” என்றாள்.

“ஆமாக்கா.”

“வெடியால நாலு மணிக்கு மூச்சு இஸ்துக்கினு இருந்துச்சாம். போன் வந்தப்ப ஏரில மண்ணு வெட்டிக்கினு இருந்தேன்.” ராணியம்மாள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். செங்கேணி அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

ஏகாம்பரம் மெல்ல எழுந்து வெளியே வந்தார். பள்ளிக்கூடக் கைப்பம்பு மேடையில் நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்தார். ஷாமியானாவுக்குள் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பின்தொடரவில்லை. என்ன தீர்மானம் வந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று எதுவும் அவருக்குள் போய் உட்காரவில்லை. போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தேவகி அந்தப் பக்கம் வந்தபோது அவளிடம் கொடுத்தார். “தலைவர்கிட்ட குடுத்துடும்மா. யார்னா கூப்ட்டா மெசேஜ் அனுப்பச் சொல்லிடு.”

கூட்டம் மூன்று மணிக்கு மேல்தான் முடிந்தது. அதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். கல்யாணத்திலிருந்து அம்முலு வந்தபோது பொழுது சாயவில்லை. அவர் பாயில் குப்புறக் கிடந்தார்.

“யோவ். இன்னா ஆச்சி? தெருவெல்லாம் இன்னான்னாவோ பேசிக்கிறாங்க. சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டா.”

“அப்பால? தண்ணி டேங்குக்கு இன்னா முடிவாச்சி?”

“தெரியாது.”

“நீ அங்கதானேய்யா இருந்த?”

“இருந்தேன்.” அவர் திரும்பிப் படுத்தார். “போய் உன் நாத்தனாரக் கேளு.”

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தெருமுனை லைட் எரியவில்லையாம், தங்கச்சியிடம் சொல்ல வேண்டுமாம்.

“அவ வூட்லதான் கீறா. போய்ச் சொல்லு.”

“அதுக்குக் கத்தணுமேப்பா.”

“கத்தாத. எதிர்ல நின்னு சொல்லு. கேக்கும்.”

“அது பேஜாரு. நீ எப்பவும் சொல்ற மாரி ஒரு வார்த்த சொல்லிடேன்.”

நூலையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம் கொஞ்சம் நின்றார். சொல்லிவிட்டுப் போனால் ஒரு நிமிஷ வேலை. நான்கு வருஷப் பழக்கத்தில், லைட், தெருமுனை, எரியல என்று மனம் அதற்குள் சுருக்கி முடித்துவிட்டிருந்தது. அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“வாலாஜாபாத்துக்கு பஸ் போய்டும்” என்றார். “அதோ, வாசல்லதான் நிக்கிறா பாரு. இந்தப் பக்கமா போ. அந்தப் பக்கம் போனா உன்ன பாக்கமாட்டா.”